மீட்டற் பாடம்: நிறுவனத் தொடர்பாடல் – செய்தி சென்றதா, சேர்ந்ததா?



க.பொ.த. (சாதாரண தர) வணிகக் கல்வியிலும் ஊடகக் கற்கையிலும் வரும் தொடர்பாடல் அலகை "இலகுவான பாடம்தானே" என்று கடைசிக் கிழமைக்கு ஒதுக்கி வைப்போர் பலர். வரைவிலக்கணம் ஒன்று, அனுகூலம் ஐந்து, பிரதிகூலம் ஐந்து என்று மனனம் செய்தால் போதும் என்பது அவர்களது எண்ணம். ஆனால் வினாத்தாளில் ஒரு சிறு சம்பவத்தைத் தந்து, "இங்கு தொடர்பாடல் எங்கே தடைப்பட்டது?" என்று கேட்டால் மனனம் செய்தது கைகொடுப்பதில்லை. பின்னாளில் உயர்கல்வியில் முகாமைத்துவம் படிக்கச் செல்வோருக்கும் ஒப்படையாகவும் பரீட்சையாகவும் வருவது இதே வகை வினாதான்.

இப்பாடத்தைக் கற்ற பின் நீங்கள் செய்யக்கூடியதாக இருக்க வேண்டியவை:

• தொடர்பாடலின் மூலக்கூறுகளை ஒரு சம்பவத்தில் இனங்காணல்.
• நிறுவனத்தினுள் செய்தி செல்லும் திசைகளை வேறுபடுத்தல்.
• பொருத்தமான ஊடகத்தைக் காரணத்துடன் தெரிவு செய்தல்.
• ஒப்படை ஒன்றைத் தயாரித்தல், சம்பவ வினாவுக்கு விடை எழுதல்.

1. தொடர்பாடலும் அதன் மூலக்கூறுகளும்

ஒருவரிடமுள்ள கருத்து, தகவல் அல்லது கட்டளை இன்னொருவரைச் சென்றடைந்து, அவர் அதை அனுப்பியவர் கருதிய பொருளிலேயே விளங்கிக்கொள்ளும் செயன்முறை தொடர்பாடல் எனப்படும்.

இந்த வரைவிலக்கணத்தில் "விளங்கிக்கொள்ளும்" என்ற சொல்லின் கீழ் ஒரு கோடு இடுங்கள். அதை விட்டுவிட்டு "தகவலை அனுப்புதல்" என்று மட்டும் எழுதினால் விடை பாதிதான்.

ஓர் உதாரணம். மருதமுனையிலுள்ள ஒரு கைத்தறிச் சாலையின் முதலாளி, நெசவாளரிடம் "அடுத்த கிழமைக்குள் ஐம்பது நீலச் சாரன் வேண்டும்" என்கிறார். நெசவாளர் தலையை ஆட்டிவிட்டு வேலையைத் தொடங்குகிறார். ஐந்தாம் நாள் பார்த்தால் எல்லாம் கடும் நீலம். கடைக்காரர் கேட்டிருந்ததோ இளநீலம்.

• அனுப்புநர் – முதலாளி.
• குறியாக்கம் – மனத்திலிருந்த எண்ணத்தைச் சொற்களாக்கியது. "இளநீலம்" இங்கே "நீலம்" ஆகிவிட்டது.
• செய்தி – "ஐம்பது நீலச் சாரன்."
• ஊடகம் – வாய்மொழி.
• பெறுநர் – நெசவாளர்.
• குறிநீக்கம் – கேட்ட சொல்லுக்கு நெசவாளர் கொண்ட பொருள். அவர் வழமையாக நெய்வது கடும் நீலம்.
• பின்னூட்டல் – தலையாட்டல் மாத்திரம். "எந்த நீலம்?" என்ற கேள்வி எழவில்லை.
• தடை – தெளிவற்ற சொல். தறிச் சத்தமும் ஒரு தடையாக இருந்திருக்கலாம்.

ஒரு கேள்வி கேட்டிருந்தால் ஐந்து நாள் உழைப்பும் நூலும் வீணாகியிருக்காது. தொடர்பாடலில் பின்னூட்டல் ஏன் இன்றியமையாதது என்று கேட்டால் இந்த உதாரணத்தை எழுதலாம்.

ஞாபகத்திற்கு: 1948ஆம் ஆண்டில் அமெரிக்க அறிஞர் ஹரல்ட் லாஸ்வெல் தொடர்பாடலை ஐந்து கேள்விகளாகப் பிரித்துக் காட்டினார். யார்? என்ன? எந்த வழியால்? யாருக்கு? என்ன விளைவுடன்? எந்தச் சம்பவ வினாவைக் கண்டாலும் முதலில் இந்த ஐந்தையும் வினாத்தாளின் ஓரத்தில் குறித்துக்கொள்ளுங்கள். பாதி விடை அங்கேயே கிடைத்துவிடும்.

2. செய்தி செல்லும் திசைகள்

இரண்டு பேர் பேசிக்கொள்வதற்கும் ஒரு நிறுவனத்தின் தொடர்பாடலுக்கும் உள்ள வேறுபாடு, நிறுவனத்தில் படிநிலை உண்டு என்பதாகும். யார் யாருக்குக் கட்டளையிடலாம், யார் யாருக்குப் பதில் சொல்ல வேண்டும் என்ற ஒழுங்கு அங்கே இருக்கும்.

(அ) கீழ்நோக்கிய தொடர்பாடல் – முகாமையாளரிடமிருந்து ஊழியருக்கு. உதாரணம்: கட்டளை, சுற்றுநிருபம், அறிவித்தல்.

(ஆ) மேல்நோக்கிய தொடர்பாடல் – ஊழியரிடமிருந்து முகாமையாளருக்கு. உதாரணம்: அறிக்கை, முறைப்பாடு, ஆலோசனை, விடுமுறை விண்ணப்பம்.

(இ) சமாந்தரத் தொடர்பாடல் – ஒரே மட்டத்திலுள்ளோரிடையே. உதாரணம்: களஞ்சியப் பொறுப்பாளர் விற்பனைப் பொறுப்பாளருக்கு இருப்பு விபரம் சொல்லுதல்.

(ஈ) வெளித் தொடர்பாடல் – வாடிக்கையாளர், வழங்குநர், வங்கி, அரச திணைக்களம் ஆகியோருடன்.

மேற்கூறியவை முறைசார் வழிகள். தேநீர் வேளையில் ஊழியர் தமக்குள் பேசிக்கொள்வது முறைசாராத் தொடர்பாடல். அது வேகமானது, ஆனால் செய்தி கை மாறும்போது கூடவும் குறையவும் இடமுண்டு. முறைசார் வழி மௌனமாக இருக்கும் நிறுவனத்தில் முறைசாரா வழி சத்தமாகிவிடும். "இந்த மாதம் சம்பளம் பிந்துமாம்" என்ற கதை பரவுவது, சம்பளம் எப்போது என்று யாரும் சொல்லாதபோதுதான்.

பிரெஞ்சு முகாமைத்துவ அறிஞர் ஹென்றி பயோல் 1916இல் வெளியிட்ட கோட்பாடுகளில் அதிகாரச் சங்கிலி ஒன்றாகும். செய்தி மேலிருந்து கீழாகப் படிப்படியாகச் செல்ல வேண்டும் என்பது அதன் பொருள். ஆனால் அவசர வேளையில் ஒரு பிரிவின் ஊழியர் தம் பக்கத்து உச்சிவரை ஏறி, மறுபக்கம் இறங்கி வருவதற்குள் காரியம் கெட்டுவிடும். அதனால் மேலதிகாரிகளின் சம்மதத்துடன் ஒரே மட்டத்தினர் நேரடியாகப் பேசிக்கொள்ள ஒரு "பாலம்" இருக்கலாம் என்றும் அவரே கூறினார். சமாந்தரத் தொடர்பாடலின் முக்கியத்துவத்தை விளக்கும்போது இதை எழுதலாம்.

3. ஊடகத் தெரிவு

"சிறந்த ஊடகம் எது?" என்று தனியே கேட்டால் விடை இல்லை. எதற்கு, யாருக்கு, எவ்வளவு அவசரம், பின்னர் சான்று தேவையா என்பவற்றைப் பொறுத்தே தெரிவு அமையும்.

• எழுத்து மூலம் (கடிதம், சுற்றுநிருபம், அறிக்கை): சான்று இருக்கும், பலருக்கு ஒரே வடிவில் போகும். ஆனால் காலம் எடுக்கும், பின்னூட்டல் தாமதமாகும்.
• வாய்மொழி (நேரடி உரையாடல், கூட்டம், தொலைபேசி): உடனடிப் பின்னூட்டல் உண்டு. ஆனால் சான்று இல்லை, மறதிக்கு இடமுண்டு.
• இலத்திரனியல் (மின்னஞ்சல், குறுஞ்செய்தி, வட்ஸ்அப்): வேகம், குறைந்த செலவு, சான்று மூன்றும் உண்டு. ஆனால் மின்சாரமும் வலையமைப்பும் தேவை. நீலக் குறி விழுந்தால் செய்தி திறக்கப்பட்டது என்பது மட்டுமே தெரியும். விளங்கியதா என்பது தெரியாது.
• சொல் சாராதது (சைகை, நிறம், ஒலி): மொழி தெரியாதவரையும் எட்டும். ஆனால் முன்கூட்டியே பழக்கப்பட்டிருக்க வேண்டும். மணி அடித்தால் இடைவேளை என்பது அறிந்தவருக்குத்தான் மணி செய்தி.

குறிப்பு: அவசரச் செய்திக்கு ஒரு ஊடகம் போதாது. ஒன்று தவறினால் இன்னொன்று இருக்க வேண்டும். இதன் காரணத்தை அடுத்த பகுதி காட்டும்.

4. சம்பவக் கற்கை: 2004 டிசம்பர் 26

நீங்கள் பிறப்பதற்கு முன் நடந்தது இது. ஆனாலும் எங்கள் கரையோரத்தில் இதைக் கேட்டு வளராத பிள்ளை இல்லை. வீட்டில் கேட்டதைச் சற்று நேரம் ஒரு மாணவரின் கண்ணால் பாருங்கள். அனுப்புநர் யார், பெறுநர் யார், வழி எது என்று தேடுங்கள்.

அன்று ஞாயிற்றுக்கிழமை, போயா தினமும்கூட. இலங்கை நேரப்படி காலை 6.59 அளவில் இந்தோனேசியாவின் சுமாத்திராத் தீவுக்கு அப்பால் கடலடியில் பாரிய நிலநடுக்கம் ஏற்பட்டது. (அக்காலத்தில் எமது கடிகாரம் இன்றையதைவிட அரை மணித்தியாலம் முன்னால் இருந்தது.) அதன் அளவு 9.1 எனப் பின்னர் கணிக்கப்பட்டது. கடலலை எமது கிழக்குக் கரையை அடைய ஒன்றரை மணித்தியாலத்துக்கு மேல் எடுத்தது. தொலைபேசி அழைப்புக்கோ சில விநாடிகள் போதும். ஆகவே நேரம் இருந்தது. என்ன நடந்தது?

முதல் தடை: பெறுநர் பட்டியலில் இல்லாத நாடுகள். ஹவாயிலுள்ள பசிபிக் சுனாமி எச்சரிக்கை நிலையம் ஏறத்தாழ 15 நிமிடங்களில் தன் முதல் செய்தியை வெளியிட்டது. அதில் நிலநடுக்கத்தின் அளவு 8.0 எனக் குறைவாக மதிப்பிடப்பட்டிருந்தது. பசிபிக் கரைகளுக்கு ஆபத்தில்லை என்றும் சொல்லப்பட்டது. அந்நிலையம் அமைக்கப்பட்டது பசிபிக் நாடுகளுக்காக. இந்து சமுத்திரத்துக்கு அத்தகைய எச்சரிக்கை முறைமை அப்போது இருக்கவில்லை. செய்தியை யாரிடம் கொடுக்க வேண்டும், பெற்றவர் அடுத்து யாருக்குச் சொல்ல வேண்டும் என்ற ஒழுங்கு எதுவும் முன்கூட்டியே அமைக்கப்பட்டிருக்கவில்லை.

இரண்டாம் தடை: உள்ளூரில் சங்கிலி இல்லை. ஒரு செய்தி கொழும்புக்கு வந்திருந்தாலும், விடுமுறை நாள் காலையில் அதை ஏற்று, முடிவெடுத்து, மருதமுனைக்கும் பாண்டிருப்புக்கும் கல்முனைக்கும் சாய்ந்தமருதுக்கும் காரைதீவுக்கும் நிந்தவூருக்கும் கொண்டு சேர்க்கும் ஏற்பாடு இருக்கவில்லை.

மூன்றாம் தடை: குறிநீக்கம். சில இடங்களில் அலைக்கு முன் கடல் உள்வாங்கியது. அதுவும் ஒரு செய்திதான். சொல் சாராத செய்தி. ஆனால் அதன் பொருள் தெரியாததால், ஓட வேண்டிய நேரத்தில் வேடிக்கை பார்க்கச் சென்றவர்கள் இருந்தனர். தாய்லாந்தின் புக்கட் தீவில் விடுமுறைக்கு வந்திருந்த 10 வயதுப் பிரித்தானியச் சிறுமி ஒருத்தி, சில கிழமைகளுக்கு முன் புவியியல் பாடத்தில் படித்ததைக் கொண்டு கடலின் மாற்றத்தை இனங்கண்டு பெற்றோரிடம் சொன்னாள். அந்தக் கடற்கரையிலிருந்தோர் வெளியேற்றப்பட்டு உயிர் தப்பினர்.

இலங்கையில் அன்று 30,000இற்கும் மேற்பட்டோர் இறந்தனர். அம்பாறை மாவட்டத்தில் மட்டும் 10,000இற்கும் மேல். மாவட்டங்களுள் மிகக் கூடிய இழப்பு எமது மாவட்டத்துக்கே.

இனி ஒரே நாளில் நடந்த இரண்டு நிகழ்வுகளை ஒப்பிடுங்கள்.

நிகழ்வு 1 – பெரலிய புகையிரதம். அலை பற்றிய தகவல் கொழும்பு மருதானைக் கட்டுப்பாட்டு அறைக்குக் கிடைத்ததும் அதிகாரிகள் தெற்குக் கரையோரப் பாதையில் எட்டுப் புகையிரதங்களை நிறுத்தினர். கொழும்பிலிருந்து சென்றுகொண்டிருந்த ஒன்றை மட்டும் நிறுத்த முடியவில்லை. அம்பலாங்கொடை நிலையத்துக்குத் தொலைபேசியில் அழைத்தார்கள். அங்கிருந்த ஊழியர் அனைவரும் அந்தப் புகையிரதத்தின் வேலையிலேயே ஈடுபட்டிருந்ததால், அது புறப்பட்டுச் செல்லும்வரை தொலைபேசியை எடுக்க ஆள் இருக்கவில்லை. அடுத்த நிலையங்களையும் எட்ட முடியவில்லை. தெல்வத்தைக்கு அருகே பெரலியவில் அலை அதைத் தாக்கியது. ஆயிரத்துக்கும் மேற்பட்டோர் மாண்டனர்.

இங்கே அனுப்புநர் தம் கடமையைச் செய்தார். செய்தி சரியானது. எட்டுப் புகையிரதங்களுக்குச் சரியாக வேலை செய்த முறை ஒன்பதாவதில் தவறியது. ஏனெனில் மணி அடித்தது; எடுத்தவர் இல்லை; மாற்று வழியும் இல்லை. இது ஒரு தனி மனிதரின் குறை என்று எழுதிவிடாதீர்கள். ஒரே வழியை நம்பியிருந்த முறைமையின் குறை இது.

நிகழ்வு 2 – நல்லவாடு. புதுச்சேரியிலுள்ள ஒரு மீனவக் கிராமம். எம். எஸ். சுவாமிநாதன் ஆராய்ச்சி நிறுவனத்தின் உதவியுடன் அங்கே ஒரு கிராம அறிவு மையமும் அறிவித்தல்களுக்கான ஒலிபெருக்கியும் இருந்தன. சிங்கப்பூரிலிருந்த அவ்வூரவர் ஒருவர் தொலைக்காட்சியில் செய்தி பார்த்து ஊருக்குத் தொலைபேசி எடுத்தார். கேட்டவர்கள் உடனே அறிவு மையத்தின் ஒலிபெருக்கியில் அறிவித்தார்கள். சுமார் 3,600 பேர் வாழ்ந்த அந்த ஊரில் வீடுகளும் படகுகளும் அழிந்தன. மக்கள் உயிர் தப்பினர்.

இங்கே முதல் செய்தி முறைசாரா வழியில், ஒரு குடும்ப அழைப்புப் போல வந்தது. அதை ஊர் முழுவதற்கும் கொண்டு சென்றது முறைசார் ஊடகம். ஒலிபெருக்கி அன்றாடம் பயன்பட்டு வந்ததால் அதன் குரலை மக்கள் நம்பினர். ஒரு ஊடகம் ஆபத்து வேளையில் பயன்பட வேண்டுமானால் சாதாரண நாளிலும் அது பழக்கத்தில் இருக்க வேண்டும் என்பது இதிலிருந்து பெறும் பாடம்.

பின்னர் நடந்தது: 2005ஆம் ஆண்டின் 13ஆம் இலக்க அனர்த்த முகாமைத்துவச் சட்டம் நிறைவேறியது. அனர்த்த முகாமைத்துவ நிலையம் அமைக்கப்பட்டது. இந்து சமுத்திரத்துக்கெனச் சுனாமி எச்சரிக்கை முறைமையும் உருவானது. 2012 ஏப்ரல் 11ஆம் திகதி பிற்பகல் சுமாத்திராவுக்கு அப்பால் 8.6 அளவில் மீண்டும் நிலநடுக்கம் ஏற்பட்டபோது எச்சரிக்கை வந்தது. எமது கரையோர மக்கள் உட்பகுதிக்கு நகர்ந்தனர். பேரலை வரவில்லை, எச்சரிக்கை விலக்கப்பட்டது. அன்று வீணாக ஓடினோம் என்று சொல்வோர் உண்டு. தொடர்பாடல் பாடத்தைப் படித்தவர் அப்படிச் சொல்ல மாட்டார். அனுப்புநரிடமிருந்து பெறுநர்வரை சங்கிலி வேலை செய்ததா என்பதே அவர் பார்ப்பது.

5. அறிவித்தல் எழுதுதல்

பின்வருவது ஒரு கடையில் ஒட்டப்பட்ட அறிவித்தல் என்று வைத்துக்கொள்வோம்:

"நாளை கூட்டம் நடைபெறும். எல்லோரும் கட்டாயம் வரவும்."

என்ன குறை? "நாளை" என்றால் எந்த நாளை? ஒட்டிய திகதி இல்லை. எங்கே, எத்தனை மணிக்கு, எதற்கு, "எல்லோரும்" என்பது யார், அழைப்பவர் யார் என எதுவும் இல்லை. திருத்தியது:

அறிவித்தல்

திகதி: 10.03.2025
பெறுநர்: விற்பனைப் பிரிவு ஊழியர் அனைவரும் (காலை, மாலை வேலைமுறை)

நோன்புப் பெருநாள் காலத்துக்கான வேலை நேர ஒழுங்கு பற்றிக் கலந்துரையாடுவதற்கான கூட்டம் 12.03.2025 புதன்கிழமை பி.ப. 2.30க்குக் களஞ்சிய மேல்மாடியில் நடைபெறும். வாசித்தவர்கள் கீழே கையொப்பமிடவும். வர முடியாதவர்கள் 11ஆம் திகதிக்கு முன் மேற்பார்வையாளருக்கு அறிவிக்கவும்.

முகாமையாளர்

கையொப்பம் கேட்கும் வரியைக் கவனித்தீர்களா? பின்னூட்டல் அங்கேதான் இருக்கிறது. அறிவித்தல் எழுதும் வினாவில் பெரும்பாலானோர் மறப்பது அந்த வரியைத்தான்.

6. ஒப்படை தயாரிக்கும் முறை

தலைப்பு: "எனது பிரதேசத்திலுள்ள ஒரு நிறுவனத்தின் தொடர்பாடல் முறை."

படி 1 – சிறிய நிறுவனம் ஒன்றைத் தெரிவு செய்யுங்கள். வெதுப்பகம், கைத்தறிச் சாலை, அரிசி ஆலை, கூட்டுறவுச் சங்கக் கிளை, தபாலகம் போன்றவை போதும். பெரிய வங்கியைத் தெரிவு செய்து இணையத்திலிருந்து பிரதி பண்ணுவதைவிட, நீங்களே நின்று பார்த்த ஒரு வெதுப்பகம் கூடுதல் புள்ளி தரும்.

படி 2 – பாடசாலையின் கடிதத்துடன் சென்று அனுமதி பெறுங்கள். அந்தக் கடிதமே உங்கள் ஒப்படையின் முதல் வெளித் தொடர்பாடல். அதன் பிரதியை இணைத்துக்கொள்ளுங்கள்.

படி 3 – சரியான கேள்வி கேளுங்கள். "உங்கள் தொடர்பாடல் முறை என்ன?" என்று முதலாளியிடம் கேட்டால் "எல்லாம் நல்லாத்தான் போகுது, பிள்ள" என்றுதான் பதில் வரும். மாறாக இப்படிக் கேளுங்கள்:

• இன்றைக்கு எத்தனை இறாத்தல் பாண் போட வேண்டும் என்பதை யார் யாருக்குச் சொல்கிறார்?
• நேற்று வேலைக்கு வராதவருக்கு நேற்று செய்த மாற்றத்தை யார் சொல்வார்?
• வாடிக்கையாளர் முறைப்பாடு சொன்னால் அது மாக்குழைப்பவர்வரை போய்ச் சேருமா?
• கடைசியாக ஒரு தவறு நடந்தது எப்போது? செய்தி எங்கே நின்றது?

படி 4 – வரைபடம் கீறுங்கள். ஒவ்வொருவரையும் ஒரு பெட்டியாகவும், செய்தி செல்லும் திசையை அம்புக்குறியாகவும் காட்டுங்கள். பதில் வரும் அம்புக்குறியைப் புள்ளிக்கோட்டால் கீறுங்கள். புள்ளிக்கோடு இல்லாத இடமே அந்த நிறுவனத்தின் பலவீனம்.

படி 5 – முன்மொழிவு எழுதுங்கள். "தொடர்பாடலை மேம்படுத்த வேண்டும்" என்பது முன்மொழிவாகாது. "மாலை வேலைமுறையினருக்காக மாற்றங்களை எழுதும் ஒரு கொப்பியை வாசலருகே வைத்து, வாசித்தவர் கையொப்பமிட வேண்டும்" என்பது முன்மொழிவு. செலவு குறைந்ததாகவும் அந்த இடத்துக்குப் பொருந்துவதாகவும் இருக்கட்டும்.

நிறுவனத்தின் குறையை எழுதும்போது ஊழியர் பெயர்களைக் குறிப்பிட வேண்டாம். பதவியைக் குறிப்பிட்டால் போதும். உங்களை நம்பிப் பேசியவர்களுக்கு உங்கள் ஒப்படையால் சங்கடம் வரக்கூடாது.

7. மாதிரி வினாவும் விடையும்

வினா: பெருநாள் காலத்தில் ஓர் ஆடை விற்பனை நிலையத்தை இரவு 11 மணிவரை திறக்க முகாமையாளர் தீர்மானித்தார். அதை மேற்பார்வையாளரிடம் வாய்மொழியாகத் தெரிவித்தார். மேற்பார்வையாளர் காலை வேலைமுறையினரிடம் மட்டும் கூறினார். அன்றிரவு 9 மணிக்கு மாலை வேலைமுறையினர் வழமைபோல் வீடு சென்றனர்.

(i) இங்கு கையாளப்பட்ட தொடர்பாடலின் திசை யாது? (1 புள்ளி)
(ii) தொடர்பாடல் தடைப்பட்டமைக்கான இரண்டு காரணங்கள் தருக. (4 புள்ளிகள்)
(iii) முகாமையாளர் பயன்படுத்தியிருக்க வேண்டிய ஊடகத்தைக் காரணத்துடன் கூறுக. (3 புள்ளிகள்)
(iv) பின்னூட்டலை உறுதிப்படுத்தும் வழி ஒன்றைக் கூறுக. (2 புள்ளிகள்)

குறைந்த புள்ளி பெறும் விடை: "(ii) சரியான தொடர்பாடல் இல்லை. ஊழியர்களுக்கு அக்கறை இல்லை." முதல் வரி வினாவையே திருப்பிச் சொல்கிறது. இரண்டாவது வரிக்குச் சம்பவத்தில் ஆதாரம் இல்லை. ஊழியருக்குச் செய்தியே போகவில்லை.

முழுப் புள்ளி பெறும் விடை:

(i) கீழ்நோக்கிய தொடர்பாடல்.

(ii) 1. பெறுநர் முழுமையாக உள்ளடக்கப்படவில்லை. மாலை வேலைமுறையினருக்குச் செய்தி செல்லவில்லை. 2. வாய்மொழி ஊடகம் மட்டும் பயன்படுத்தப்பட்டதால் வேலைமுறை மாறும்போது செய்தியைத் தாங்கி நிற்க எழுத்துச் சான்று இருக்கவில்லை.

(iii) எழுத்து மூல அறிவித்தல். வெவ்வேறு நேரத்தில் வரும் ஊழியர் அனைவரும் ஒரே செய்தியை ஒரே வடிவில் பெறுவர். நேரம் பற்றிய ஐயம் ஏற்பட்டால் மீண்டும் பார்க்கலாம்.

(iv) அறிவித்தலை வாசித்த ஒவ்வொருவரிடமும் கையொப்பம் பெற்று, கையொப்பமிடாதோரை மேற்பார்வையாளர் நேரில் சந்தித்து அறிவித்தல்.

ஒவ்வொரு விடையும் சம்பவத்திலுள்ள ஒரு விபரத்தைத் தொட்டுச் செல்வதைக் கவனியுங்கள். புள்ளி அதற்கே கிடைக்கும்.

8. பயிற்சி

பொருத்தமான விடையைத் தெரிவு செய்க.

1. தபாலக ஊழியர் தபாலதிபருக்கு மாதாந்த அறிக்கை சமர்ப்பித்தல்:
(1) கீழ்நோக்கியது (2) மேல்நோக்கியது (3) சமாந்தரமானது (4) முறைசாராதது

2. பயோல் கூறிய "பாலம்" பெரிதும் உதவுவது:
(1) மேல்நோக்கிய தொடர்பாடலுக்கு (2) வெளித் தொடர்பாடலுக்கு (3) சமாந்தரத் தொடர்பாடலுக்கு (4) சொல் சாராத் தொடர்பாடலுக்கு

3. கடல் உள்வாங்கியதைக் கண்டும் ஆபத்தை உணராமை குறிப்பது:
(1) குறியாக்கத் தவறு (2) குறிநீக்கத் தவறு (3) ஊடகத் தவறு (4) அனுப்புநர் தவறு

4. அம்பலாங்கொடை நிலையத்துக்கான அழைப்பில் கிடைக்காமற்போனது:
(1) செய்தி (2) அனுப்புநர் (3) பின்னூட்டல் (4) குறியாக்கம்

விடைகள்: 1 – (2), 2 – (3), 3 – (2), 4 – (3).

கட்டுரை வினா: "அவசர வேளையில் ஒரு நிறுவனம் ஒரே ஊடகத்தை நம்பியிருத்தல் ஆபத்தானது." 2004இன் இரு நிகழ்வுகளைக் கொண்டு ஆராய்க.

9. பரீட்சை மண்டபத்தில்

உங்கள் விடைத்தாளும் ஒரு தொடர்பாடல்தான். அனுப்புநர் நீங்கள். பெறுநர் நீங்கள் ஒருபோதும் சந்திக்காத ஒரு பரீட்சகர். "இதில் என்ன சொல்ல வந்தாய்?" என்று அவர் உங்களிடம் கேட்க முடியாது, "சேர், நான் நினைத்தது இது" என்று நீங்களும் சொல்ல முடியாது. பின்னூட்டல் அறவே இல்லாத செய்தியைக் கூடுதல் தெளிவுடன் எழுத வேண்டும்.

• வினா இலக்கத்தைச் சரியாக இடுங்கள்.
• "குறிப்பிடுக" என்றால் ஒரு வரி. "விளக்குக" என்றால் காரணமும் உதாரணமும்.
• ஒரு கருத்துக்கு ஒரு பந்தி.
• கடைசிப் பத்து நிமிடத்தில் விடையைப் பரீட்சகரின் கண்ணால் வாசியுங்கள். உங்களைத் தெரியாத ஒருவருக்கு அந்த வரி விளங்குமா?

பாடம் இத்துடன் முடிகிறது. ஒரு வேலை மட்டும் பாக்கி. அனர்த்த முகாமைத்துவ நிலையத்தின் அவசர இலக்கம் 117. அதை உங்கள் வீட்டுச் சுவரில் எழுதி ஒட்டுங்கள். எச்சரிக்கை வந்தால் யார் யாருக்குச் சொல்வது, தொலைபேசி வேலை செய்யாவிட்டால் எங்கே சந்திப்பது என்று இன்றிரவு வீட்டாருடன் பேசி முடிவெடுங்கள். பேசி முடித்ததும், வீட்டில் வயது குறைந்தவரிடம் அந்த இடம் எதுவென்று திருப்பிக் கேளுங்கள். அவர் சரியாகச் சொன்னால் செய்தி சேர்ந்துவிட்டது.